பேதி அக்காவின் கழித்தல் கணக்கு

பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கைக் கணக்கெடுப்பதுதான் பதினோரு ஆண்டுகளாக அவள் பிழைப்பு. அவள் கணக்கெடுக்கப் போகும் இரண்டு ஊர்களிலும் அவளுக்குப் பெயர் 'பேதி அக்கா'. அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

முதல் ஊர்ப் பள்ளிகளில் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் வைத்தார்கள். பக்கத்து ஊரில் வைக்கவில்லை. ஆய்வு நிலையத்துப் பேராசிரியர் சொன்ன வழி எளிமையானது. இயந்திரம் வருவதற்கு முன்னும் பின்னும், பிள்ளை ஒன்றுக்கு ஆண்டில் எத்தனை நாள் வயிறு கெட்டது என்று இரண்டு ஊர்களிலும் எண்ண வேண்டும். முதல் ஊரின் மாற்றத்திலிருந்து பக்கத்து ஊரின் மாற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது இயந்திரத்தின் பலன். மழையோ வெயிலோ, இரண்டு ஊருக்கும் பொதுவாக வருவது தானாகக் கழிந்துவிடும். நேர்மையான கணக்கு என்று அவள் நம்பினாள்.

இயந்திரம் வந்தபின் எண்ணிய ஆண்டில், பக்கத்து ஊரில் மட்டும் சாக்கடைக் குழாய் உடைந்து குடிநீரில் கலந்தது. தெருவில் கால் வைத்தாலே நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒரு வீட்டுத் தாய் குழாயைத் திறந்து காட்டினாள். "பாருங்கக்கா, இதத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம்." பழுப்புத் தண்ணீரில் நூல் நூலாக எதுவோ மிதந்தது. அன்றிலிருந்து அக்கா அந்த ஊர்ப் படிவம் ஒவ்வொன்றிலும், குறிப்பு எழுதும் இடத்தில், 'சாக்கடை கலந்த தண்ணீர்' என்று எழுதினாள்.

அறிக்கைக் கூட்டத்தில் எண்கள் திரையில் வந்தன. முதல் ஊரில் ஒன்பது நாள் எட்டாகியிருந்தது. பக்கத்து ஊரில் ஒன்பது பதினைந்தாகியிருந்தது.

"மெஷினால ஏழு நாள் நோய் குறைஞ்சிருக்கு," என்றார் பேராசிரியர். இயந்திரம் விற்ற கம்பெனிக்காரர் கைதட்டினார்.

அவள் எழுந்தாள். "சார், அங்க சாக்கடை உடைஞ்சுது. அந்த ஏழுல ஆறு நாள் சாக்கடையோடது. மெஷின் குறைச்சது மிஞ்சிப்போனா ஒரு நாள். நான் எல்லா ஃபாரத்துலயும் எழுதியிருக்கேனே!"

"குறிப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தலம்மா. நம்பர் மட்டும்தான். உட்காருங்க." பிஸ்கட் பொடி உதட்டில் ஒட்டியிருக்க, அவர் அடுத்த படத்துக்குப் போனார்.



அறிக்கையைப் பார்த்த நகராட்சி, பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் இயந்திரம் போதும் என்று குழாய் தோண்டும் வேலையைத் தள்ளிப்போட்டது. அதைக் கேட்டதும் அவள் பொறுமை அறுந்தது. பெயர்களை மறைத்துப் படிவங்களை நகலெடுத்து அந்த ஊர்த் தாய்மாரிடம் கொடுத்தாள். நாற்பது பேர், தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு, நகராட்சிப் பொறியாளரின் மேஜை முன் போய் நின்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டே அவர் படிவங்களைப் படித்தார். மூன்றே வாரத்தில் குழாய் மாற்றப்பட்டது.

அவள் வேலை போனது. இப்போது ஒரு பல் மருத்துவரிடம் சீட்டு எழுதுகிறாள். அறிக்கையிலோ ஏழு ஏழாகவே நின்றது. அச்சாகி வந்த பிரதி ஒன்றில், களப்பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது.

"உனக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்லியிருக்காங்க, பாரேன்," என்று கணவர் நீட்டினார்.

"அதக் கீழ போட்டுட்டுக் கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். "சோப்புப் போட்டு."