ஏழு நிமிடம் நாற்பது விநாடி

“எவ்வளவு நேரம்னு சொன்ன?”

“ஏழு நிமிஷம் நாற்பது செகண்ட்.”

“சும்மா குத்துமதிப்பா சொல்லாதக்கா.”

“குத்துமதிப்பா? டேய், பன்னிரண்டு நாளா ஃபோன்ல டைமர் வெச்சுப் பாக்கறேன். ஒரு செகண்ட் கூடலை, ஒரு செகண்ட் குறையலை. பால்கூட இப்படிக் கணக்காப் பொங்காது.”

“பழைய லேப்டாப்னா ஆன் ஆக ஒரு நாள் ஆறு நிமிஷம் ஆகும், ஒரு நாள் பத்து ஆகும். தினமும் ஒரே மாதிரி ஆகாதுக்கா.”

“அதைத்தானே நான் உன்கிட்ட கேக்கறேன்? நீ என்கிட்டயே சொன்னா?”

இந்தப் பேச்சு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2:50. இடம், நான் வேலை பார்க்கும் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. பேய் வருவதற்கு நள்ளிரவு வேண்டும், காற்று வேண்டும், பாழடைந்த மாளிகை வேண்டும் என்று நானும் நினைத்திருந்தவன்தான். நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாம் அப்படித்தான் வரும். இதில் அது எதுவும் இல்லை. பட்டப்பகல். ட்யூப்லைட் வெளிச்சம். நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. நேரங்கள் எல்லாம் என் வேலை நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன.

அக்காவின் பிரச்சினையை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தான் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அக்கா வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்றில் சேர்ந்திருந்தாள். பயிற்சிக் காலம். தினமும் மதியம் 12:30-க்கு கம்பெனியின் மென்பொருள் லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி உள்ளே வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஒரு எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போகலாம்... அதாவது, வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். முதல் பத்து நாள் தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. கம்பெனியில் பதிவு செய்திருந்த லேப்டாப் இது ஒன்றுதான். அத்தான் எங்கேயோ ரெண்டாம் கையாக வாங்கியது. பயிற்சி முடியும்வரை வேறு மாற்ற முடியாது.

“நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்குள்ள இதைச் சரி பண்ணிக் குடுடா. உன் அத்தான் கட்டிலே கதின்னு கிடக்காரு. இந்த வேலையும் போச்சுன்னா நானும் பக்கத்துலயே படுத்துக்க வேண்டியதுதான்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

“ஆறு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போ. ரெண்டு நிமிஷத்துல ஆன் ஆகும்.”

“புத்தகத்தை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துடாதே.”

அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஓனர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். நான் மட்டும்.

அக்கா சொன்னது நியாயம்தான். லேப்டாப் மெக்கானிக் வேலை என்பது பாதி காத்திருப்பது. காத்திருக்கும் நேரத்தில் நான் நாவல் படிப்பேன், பெரும்பாலும் பனி கொட்டும் தேசங்களின் கதை. ஒரு லேப்டாப் ஆன் ஆவதற்குள் எத்தனை பக்கம் ஓடுகிறது என்பதுதான் என் அளவுகோல். ஒரு பக்க லேப்டாப், மூன்று பக்க லேப்டாப் என்று பிரித்து வைத்திருப்பேன். “முதல்ல கஸ்டமர் லேப்டாப்பைத் திறடா, அப்புறமா உன் பனி தேசத்தைத் திறக்கலாம்” என்பார் ஓனர் அண்ணன்.

3:05. ஆன் செய்தேன். புத்தகத்தைப் பிரித்தேன். ஐந்தாவது பக்கத்தின் கடைசி வரியில் இருந்தபோது திரை திறந்தது. ஏழு நிமிடம் நாற்பது விநாடி.

தொடங்கும்போதே தானாக ஓடும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தேன். இருபத்தோரு புரோகிராம். வேண்டாத எல்லாவற்றையும் நிறுத்தினேன். சாதாரணமாக இதிலேயே பாதி நேரம் குறைந்துவிடும்.

3:24. மறுபடி ஆன் செய்தேன். ஏழு நிமிடம் நாற்பது விநாடி.

இந்த முறை ஒரு சத்தமும் கேட்டது. மெல்லிய சத்தம். டொக்... டொக்... டொக்...

எனக்குச் சந்தோஷம்தான். பழைய ஹார்டு டிஸ்க் சாகப்போகும் நேரத்தில் இப்படித்தான் உள்ளுக்குள் தட்டும். நோய் பிடிபட்டுவிட்டது. கடையில் இருந்த புது எஸ்எஸ்டி ஒன்றை எடுத்தேன். அதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது, சத்தமே வராது. பழைய டிஸ்கில் இருந்ததை எல்லாம் அதில் நகல் எடுத்து, லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, மாட்டினேன். அதற்கே 4:31 ஆகிவிட்டது. இனிமேல் அரைப் பக்கம்கூடப் படிக்க முடியாது என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

ஒரு பக்கம் படித்தேன்.

இரண்டு பக்கம்.

டொக்... டொக்... டொக்...

புத்தகத்தை மூடினேன். பழைய டிஸ்க் மேசையில் தனியாகக் கிடந்தது. அதில் மின்சாரமே இல்லை. லேப்டாப்பில் காதை வைத்துக் கேட்டேன். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான்.

தட்டுவது லேப்டாப்புக்குள் இல்லை. மேசையில்.

உலோகம் மரத்தில் படும் சத்தம். அவசரமாக ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. பக்கத்திலேயே இன்னொரு சத்தமும் இருந்தது. மூச்சு. உள்ளே போக முடியாமல் விசிலடிக்கும் மூச்சு... அது என்னுடையது என்றுதான் நினைத்தேன். என் மூச்சை நிறுத்திப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

டைமர் ஏழாவது நிமிடத்தைத் தொட்டது. தட்டுவது நின்றது. மூச்சும் நின்றது. அப்புறம் நாற்பது விநாடி, காதடைக்கும் அமைதி. திரை திறந்தது.

ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போய் நின்றேன். தெருவில் வெயில். ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, லீவு நாள்லயும் வேலையா?” என்றார். தலையை ஆட்டினேன். பகல் வெளிச்சத்தில் பயப்படுவது எனக்கே அசிங்கமாக இருந்தது. நிறைய நாவல் படித்தால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஒரே ஒரு சோதனை மிச்சம் இருந்தது. டிஸ்கே இல்லாமல் ஆன் செய்வது. உள்ளே படிக்க எதுவும் இல்லையென்றால் எந்த லேப்டாப்பும் மூன்றே விநாடியில் ‘டிஸ்க் இல்லை’ என்று சொல்லிவிடும். காத்திருக்கவே வேண்டியிருக்காது.

எஸ்எஸ்டியைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டேன். 4:58. பொத்தானை அழுத்தினேன்.

மூன்று விநாடி.

பத்து விநாடி.

கறுப்புத் திரை. ஒரு எழுத்தும் வரவில்லை.

டொக்... டொக்...

என் முழங்கைக்குப் பக்கத்தில்.

நிமிரவில்லை நான். திரையை மட்டும் பார்த்தேன். அது கண்ணாடி மாதிரி இருந்தது. என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் கஸ்டமர் நாற்காலி தெரிந்தது.

நாற்காலி காலியாக இல்லை.

ஒரு அம்மா. கழுத்தில் ஏதோ நாடா தொங்கியது. ஒரு கை தொண்டையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை நீண்டு... மேசை வரைக்கும்...

டொக் டொக் டொக் டொக்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

திரையைப் பார்த்தாள்.

காத்திருந்தாள்.

ஐந்து நிமிடம்.

ஆறு.

எழுந்து ஓட வேண்டும். எஸ்எஸ்டியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.

ஏழு.

நின்றது.

கை மேசையிலிருந்து நழுவியது.

நாற்பது விநாடி கழித்துத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. டிஸ்க் இல்லை.

மூன்று விநாடியில் வந்திருக்க வேண்டியது.

லேப்டாப்பை அணைக்கப் பொத்தானை அழுத்தினால் அணையவில்லை. திருப்பிப் போட்டு பேட்டரியையே பிடுங்கினேன். அணைந்தது. பேட்டரி இருந்த குழியில், டிஸ்க் மாற்றும்போது நான் திறக்காத இடத்தில், ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது.

எங்கள் கடை வழக்கம் அது. எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் உள்ளே ஒரு சீட்டு ஒட்டுவோம். தேதி, பதிவு எண், திறந்தவனின் கையெழுத்து. இது இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

கையெழுத்து என்னுடையது.

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அந்த எண்ணுக்கு நேராக, என் எழுத்தில்: ‘கிளினிக் டாக்டர். புகார்: ஆன் ஆக நேரமாகிறது. டிஸ்க் முழுச் சோதனை: சரி.’

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. டிஸ்கை முழுதாகச் சோதிக்க மூன்று மணி நேரம் ஆகும். அன்றைக்கு என் நாவலில் நாற்பது பக்கம்தான் பாக்கி. பனியில் ஒருவன் நடந்து போய்க்கொண்டிருந்தான், பிழைப்பானா மாட்டானா என்று தெரிய வேண்டியிருந்தது. சோதனை ஓடட்டும் என்று படித்தேன். சோதனையைத் தொடங்கவே மறந்திருக்கிறேன். டாக்டர் வந்து நின்றார். ‘சரி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதிவேட்டில் இருந்த கிளினிக் எண்ணுக்கு 5:20-க்கு அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். அதற்குள் எஸ்எஸ்டியையும் பேட்டரியையும் மாட்டி மூடிவிட்டிருந்தேன். மறுபடி ஆன் செய்து பார்க்கவில்லை. அதை ஆன் செய்யும் தைரியம் எனக்கு இல்லை. அது கடையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

“என்னடா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. தலைவலி.”

“சரியாயிடுச்சா?”

“சரி” என்றேன்.

மறுநாள் திங்கள்கிழமை. மதியம் 12:41-க்கு அக்கா அழைத்தாள்.

“சரின்னு சொன்னியேடா.”

ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“மூணாவது எச்சரிக்கையும் வந்துடுச்சு. உள்ளேயே விட மாட்டேங்கறான். நேத்தே ஆகலைன்னு சொல்லியிருந்தா, காலையிலயே அவங்ககிட்ட கெஞ்சியாவது பார்த்திருப்பேனே... ஏன்டா அப்படிச் சொன்ன?” அழுதாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். “டேய்... அது ஆன் ஆகறதுக்குள்ள, யாரோ பக்கத்துல உக்காந்து மேசையைத் தட்டின மாதிரி இருந்துச்சுடா. உன் அத்தானுக்கும் கேட்டிருக்கு.”

பிற்பகல் 2:15-க்கு ஒரு அழைப்பு. கிளினிக் எண். எடுத்ததும் ஒரு பெண் பேசினார். அங்கே நர்ஸாக இருந்தவராம்.

“நேத்து இந்த நம்பருக்குக் கூப்பிட்டிருந்தீங்களா? கிளினிக்கை மூடி ரெண்டு வருஷமாச்சு தம்பி. ஃபோன் லைனை மட்டும் இன்னும் வெட்டலை. சாமானை எடுக்க இன்னிக்குத்தான் வந்தேன்.”

கடையின் பெயரைச் சொன்னேன். டாக்டருடைய பழைய லேப்டாப் மறுபடி எங்களிடம் வந்திருப்பதாகச் சொன்னேன். மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“அதுவா...” என்றார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒரு தையல்காரம்மா. இழுப்பு வியாதி, ஆஸ்துமா. அன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, அப்பதான் கிளினிக்கைத் திறக்கறோம், மூச்சு விட முடியாம ஓடி வந்தாங்க. கழுத்துல அளவு நாடாகூட அப்படியே தொங்குது. ஊசி குத்தாம இருக்க விரல்ல ஒரு இரும்புத் தொப்பி போட்டுக்குவாங்கல்ல, அதைக்கூடக் கழட்டலை. அவங்களுக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாது. எதுன்னு டாக்டருக்கு ஞாபகமில்லை. அந்தம்மாவால பேச முடியலை. எல்லாமே அந்த லேப்டாப்புலதான் இருக்கு. ஆன் பண்ணினா அது சுத்துது, சுத்துது... அந்தம்மா விரலால மேசையைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. சீக்கிரம், சீக்கிரம்னு. இதுக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் ஒரு ஊசியைப் போட்டுட்டாரு.”

“அப்புறம்?”

“தட்டறது நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் லேப்டாப் திறந்துச்சு. முதல் வரியிலேயே சிவப்புல இருந்துச்சு தம்பி. அந்த மருந்தைப் போடாதீங்கன்னு.”

கடையில் அப்போது எந்த லேப்டாப்பும் ஆனில் இல்லை. அக்காவுடையது அவள் வீட்டில் இருந்தது. ஓனர் அண்ணன் வெளியே போயிருந்தார். கஸ்டமர் யாரும் இல்லை.

என் முழங்கைக்குப் பக்கத்தில், மேசையில்...

டொக்.

“தம்பி, லைன்ல இருக்கீங்களா?” என்றார் நர்ஸ். “டாக்டர் அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் அதை உங்க கடையில குடுத்து வாங்கினாரு. டிஸ்க் சரின்னு எழுதியே குடுத்தாங்களாம். அதனாலதான் புதுசு வாங்கலை. அந்தம்மாவோட பொண்ணு இன்னமும் எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்கு...”

டொக்... டொக்...

“...ஒரே ஒரு உதவி பண்ணுங்க தம்பி. அன்னிக்கு ‘சரி’ன்னு எழுதிக் குடுத்தது யாருன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. பேர் போதும்.”