சட்டையைக் கழற்றிய சோலைமுத்து

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சோலைமுத்துவை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அப்படியொரு முதுகு. வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றிவிட அவருக்கு இன்னொரு ஆள் வேண்டியதில்லை. தானே குனிந்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, தோளுக்கு உருட்டிக்கொண்டு லாரிப் பலகைமேல் ஏறிவிடுவார். கேரளாவுக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டிய லாரிக்காரர்கள் "சோலைமுத்து செட்டு இருக்கா?" என்று அவரோடு மூட்டை ஏற்றும் கூட்டத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அறுபது வயதைத் தாண்டியும் இளவட்டங்களுக்குச் சமமாக நின்ற லோடுமேன் அவர். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. வேலை முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தொட்டியில் எல்லோரும் குளிப்பார்கள். மற்றவர்கள் துவட்டிக்கொண்டு கிளம்பிவிட, இவர் மட்டும் ஈர உடம்போடு இடுப்பில் கைவைத்துச் செத்த நேரம் நிற்பார். காற்று வாங்குகிறேன் என்பார். நாலு பேர் பார்க்கட்டும் என்று நிற்பதுதான் என்பாள் அவர் மனைவி சிவனம்மாள்.

அந்த உடம்புக்குள் ஒரு நோய் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. சிறுநீர் பிரிய நேரமானது. இடுப்பில் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது. "மூட்டை தூக்குறவனுக்கு இடுப்பு வலிக்காம பின்ன என்ன வலிக்கும்?" என்று தள்ளிப்போட்டார். சிவனம்மாள்தான் விடாமல் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுநோய். பக்கத்து நெறிக்கட்டிகளுக்கும் போயிருக்கிறது, எலும்புக்குப் போகவில்லை என்றார் டாக்டர்.

"ஆம்பள ஹார்மோன்தாங்க இதுக்குத் தீனி. ஊசியும் மாத்திரையும் கொடுத்து அந்தத் தீனிய நிறுத்தப்போறோம். வருஷக்கணக்குல அடக்கி வைக்க முடியும். உடம்புல சில மாற்றம் வரும், பயந்துக்கக் கூடாது."

என்ன மாற்றம் என்று சோலைமுத்து கேட்கவில்லை. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ஊசி தன் வேலையைச் செய்தது. ரத்தப் பரிசோதனையில் வந்த எண் மளமளவென்று இறங்கியது. டாக்டர் சந்தோஷப்பட்டார். ஆனால் மார்க்கெட்டில் நட்டநடுப் பகலில், ஒரு காரணமும் இல்லாமல், நெஞ்சிலிருந்து காதுவரை திகுதிகுவென்று தீப்பிடித்தது போல வரும். வியர்த்து ஊற்றும், அடுத்த நிமிஷம் குளிரும். தொடையில் சதை வற்றியது, வயிறு முன்னே தள்ளியது. நெஞ்சில் இருந்த முடி உதிர்ந்து வழவழப்பானது. அதன் பிறகு, மார்க்காம்புகளுக்கு அடியில் முதலில் ஒரு நெருடல், பிறகு வலி, பிறகு பெண்பிள்ளைக்குப் பருவத்தில் வருவது போல இரண்டு பக்கமும் மேடு தட்டியது. பனியனுக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் துண்டு என்று போர்த்திக்கொண்டார் சோலைமுத்து. தொட்டிக்குக் குளிக்கப் போவதை நிறுத்தினார். வெங்காய நாற்றத்தோடு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குளித்தார்.

ஒருநாள் பலகைமேல் பாதி ஏறியிருக்கும்போது அந்தச் சூடு வந்தது. கால் நடுங்கியது. மூட்டை சரிந்து கீழே விழுந்து வாய் பிரிந்து வெங்காயம் நாலாபக்கமும் ஓடியது. யாரும் சத்தம் போடவில்லை. செட்டில் இருந்தவர்கள் ஓடிவந்து, பேசாமல் குனிந்து பொறுக்கினார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த அமைதியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

வாரம் திரும்புவதற்குள் பொன்னழகு வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் சோலைமுத்துவும் ஒரே செட்டு, ஒரே வயசு. முறைக்கு மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மச்சான், நீரு குடிக்க ஆரம்பிச்சுட்டீருன்னு மார்க்கெட்டு பூராம் பேச்சு. என்னன்னு சொல்லும். இல்லாட்டி நான் இங்ஙனயேதான் உக்காந்திருப்பேன்."

சோலைமுத்து எழுந்து, துண்டை எடுத்தார், சட்டையை அவிழ்த்தார், பனியனைத் தலைவழியாக உருவிப் போட்டார். "பாத்துக்க. போயி எல்லார்கிட்டயும் சொல்லு. சோலமுத்து பொம்பளையாயிட்டான்னு சொல்லு."

பொன்னழகு சிரிக்கவில்லை. கிட்டே வந்து பார்த்தார். "வலிக்குதா மச்சான்?" என்றார்.

அத்தனை மாதத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. சோலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊசி வந்ததிலிருந்து அழுகையும் சுலபமாக வந்துகொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து அழுதார், அழுகைக்கு நடுவே நோயையும் ஊசியையும் சொல்லி முடித்தார்.

அடுத்த ஊசிக்குப் பொன்னழகும் கூடவே வந்தார். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும், சோலைமுத்து வாய் திறப்பதற்குள் பொன்னழகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் கேட்டுவிட்டு, இயன்முறைச் சிகிச்சை அறைக்கு அனுப்பினார்.

அங்கே நுஸைபா என்ற பெண் இருந்தாள். முக்காடு போட்டு, மேலே வெள்ளைக் கோட்டு. அவருடைய மகள் வயதுதான் இருக்கும். இரண்டு கிலோ இரும்பு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

சோலைமுத்து அதைப் பார்த்தார். "தாயி, நான் லோடுமேன். இது எங்கூட்டுத் தராசுப் படிக்கல்லு மாதிரி இருக்கு."

"சரிங்க ஐயா. கைய நேரா பக்கவாட்டுல தூக்கி, மெதுவா இறக்குங்க. நான் போதும்னு சொல்றவரைக்கும்."

அவள் சீக்கிரம் போதும் என்று சொல்லவில்லை. தோள் நடுங்க ஆரம்பித்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். முதலில் எழுந்தார். திரும்பத் திரும்ப எழுந்ததில் தொடை கெஞ்சியது, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வேர்வை சொட்டியது. கோபம் கோபமாக வந்தது.

"இம்புட்டு வருசமா தூக்கின ஒடம்பு எங்க போச்சு தாயி?"

"ஹார்மோன் இருந்தவரைக்கும் சதை தன்னால நின்னுச்சுங்க ஐயா. இனிமே நாமதான் நிக்க வைக்கணும். எலும்பும் அப்படித்தான். சும்மா உக்காந்தா அது தேஞ்சுக்கிட்டே போகும்."

சோலைமுத்து தயங்கித் தயங்கி, துண்டுக்கு மேல் கையை வைத்து, "இது கரையுமா?" என்று கேட்டார்.

"பொய் சொல்ல மாட்டேன். அது இருக்கத்தான் செய்யும், பெரும்பாலும். வலிக்கு டாக்டர்கிட்டச் சொன்னா வழி இருக்கு. ஆனா இந்தக் களைப்பு போகும், கால்ல தெம்பு வரும். அதுக்கு நான் பொறுப்பு."

பொய் சொல்லாத அந்தப் பேச்சுதான் அவருக்குப் பிடித்தது. ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டு ஜன்னல் கம்பியில் அந்தப் பட்டையைக் கட்டி இழுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். சிவனம்மாள் எதிரே அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே எண்ணுவாள். வேண்டுமென்றே எண்ணிக்கையைத் தப்பவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். "எனக்கும் முட்டி வலிக்குது" என்று சொல்லி ஒருநாள் அவளும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். விடிந்ததும் முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். முதலில் போர்வையோடு போனவர், பிறகு துண்டோடு போனார், பிறகு வெறும் சட்டையோடு போனார்.

அப்படி நடந்துபோன ஒரு காலையில்தான் அவர் கேட்டார். "ஏ சிவனம்மா, என்னையப் பாத்தா உனக்கு எப்பிடி இருக்கு? உள்ளதச் சொல்லு." அவர்களுக்குள் சில காலமாக நடக்காமல் போன எல்லாமும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அவள் நடையை நிறுத்தவில்லை. "புள்ளைகளப் பெத்து என் வயிறு தொங்கிப்போனப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லலியே."

"நானும் அதையேதாங்க சொல்றேன்."

மழைக்காலம் போய் வெயில் வந்தது. நாற்காலியிலிருந்து எழுவது சாதாரணமாகிப்போனது. படிக்கல் போலிருந்த இரும்பைவிடப் பெரியதை நுஸைபா எடுத்துக் கொடுத்தாள். வயிறு முழுதாக இறங்கவில்லை, நெஞ்சு அப்படியேதான் இருந்தது. ஆனால் தோள் பழையபடி விரிந்தது. சூடு வரும்போது பதறாமல், நின்று, மூச்சை இழுத்துவிட்டு, அது போகும்வரை பொறுத்துக்கொள்ளப் பழகினார். டாக்டர் எலும்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முதுகில் மூட்டை ஏற்றக் கூடாது, கையில் எடுக்கும் அளவுக்குத் தக்காளிப் பெட்டி தூக்கலாம் என்றார். பழைய சோலைமுத்துவாக இருந்தால் அதை அவமானமாக நினைத்திருப்பார். இப்போது பலகாரப் பொட்டலம் வாங்கிய பிள்ளை மாதிரி அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்து பொன்னழகிடம் சொன்னார்.

செட்டு அவரைத் தக்காளிப் பக்கம் போட்டது. முதல் நாள் லாரி நிறையும்வரை ஒரு பெட்டியையும் சரியவிடவில்லை. வேலை முடிந்ததும் மற்றவர்களோடு தொட்டிக்கு நடந்தார். சட்டையை அவிழ்த்துக் கொடியில் போட்டார்.

புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பொன்னழகு பாய்வதற்குள் சோலைமுத்து கை காட்டி நிறுத்தினார்.

"எனக்குக் கேன்சருப்பா. அத அமுக்குறதுக்கு ஊசி போடுறாங்க. ஆம்பள ஹார்மோன நிறுத்துற ஊசி. அதனால வந்தது இது. நீ தூக்குற பெட்டிய நானுந்தான் தூக்குனேன் இன்னைக்கு. வேற என்ன தெரியணும் ஒனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் யாரோ தக்காளி விலையைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். சோலைமுத்து நிதானமாகக் குளித்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஊசி நாளில் நுஸைபா குறைப்பட்டுக்கொண்டாள். ஊசிக்கு வரும் ஆண்கள் துண்டால் நெஞ்சை மூடிக்கொண்டு வந்து, போட்டுக்கொண்டதும் ஓடிவிடுகிறார்கள். உடற்பயிற்சி என்றால் உள்ளே வரவே கூச்சப்படுகிறார்கள். "நடைபாதைச் சுவர்ல பயிற்சிப் படம் மாட்டலாம்னு இருக்கேன். கிடைக்கிறதெல்லாம் வெளிநாட்டு இளவட்டங்க படம். நீங்க செஞ்சு காட்டுனா போட்டோ எடுத்துக்கிறேங்க ஐயா."

சோலைமுத்து ஒத்துக்கொண்டார். ரப்பர் பட்டையைப் பிடித்து நின்றவர், என்ன தோன்றியதோ, அதைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஐயா, சட்டையோடயே எடுக்கலாம்."

"சட்டையோட எடுத்தா எவனோ நல்லா இருக்கிறவன் நிக்கிறான்னு நெனச்சுக்குவாங்க தாயி. இது இருக்கிறவனும் நிக்கலாம்னு தெரியட்டும்."

நுஸைபா கேமராவை உயர்த்தினாள். படம் எடுத்தாள்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சிவனம்மாள் என்ன சொல்வாளோ என்ற பயம். அடுத்த முறை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஊசி அறைக்கு வெளியே சுவரில் ஆளுயரத்துக்குப் படம் மாட்டியிருந்தது. வயிறு, மேடிட்ட நெஞ்சு, நரைத்த மீசை, இரண்டு கையிலும் இழுபட்டு நிற்கும் பட்டை, அதற்கு மேலே விரிந்த தோள். கேமராவை நேராகப் பார்த்து நின்றார் சோலைமுத்து. பெஞ்சில் துண்டு போர்த்திய ஆண்கள் நாலைந்து பேர் அதைப் பார்ப்பதும் பார்க்காததுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

சிவனம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் பின்னால் நின்று அவள் முதுகைப் பார்த்தார். திட்டப்போகிறாள் என்று தயாரானார்.

பெஞ்சில் ஒருவருக்குத் துணையாக வந்திருந்த அம்மாள், "யாருன்னு தெரியல, தைரியமான மனுசன்" என்றாள் பொதுவாக.

சிவனம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எங்க வீட்டுக்காரருங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டு. இந்தா நிக்கிறாரு பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். சோலைமுத்துவுக்கு நெஞ்சிலிருந்து காதுவரை சூடு ஏறியது. அது ஊசிச் சூடு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் மெல்ல நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்கண்ணே" என்றார். "அந்தப் பட்டைய எப்பிடிப் புடிக்கணும்?"