கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும்

ஆரணியில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்தாறு வருஷமாக அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் இரண்டு தப்பும் நான் செய்தவை. டாக்டர் மேல் பழி போட வழியில்லை.

1. வீட்டில் இல்லாத நூலா

மல்லிகா தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். பட்டுத்தறி நெய்கிறார், நாற்பத்தைந்து வயதிருக்கும். அன்று அவர் வாயைத் திறந்ததும் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈறு முழுக்க வீக்கம், பல்லிடுக்கெல்லாம் வெட்டு. மூன்று வாரம் முன்னால் வந்தபோது கீழ்ப்பல் இரண்டு லேசாக ஆடியது, அவ்வளவுதான். பல்லிடுக்கில் சேரும் அழுக்கால் வந்தது, தினமும் நூல் விட்டு எடுங்கள் என்று சொல்லி அனுப்பியது நான்தான்.

இன்னாம்மா பண்ணீங்க என்று கேட்டேன்.

"நீங்கதானே சிஸ்டர் நூல் உடச் சொன்னீங்க. எங்க வூட்ல இல்லாத நூலா?"

தறிப் பாவில் மிச்சமான பட்டு இழை. நன்றாக முறுக்கேறியது. அதைத் தறியில் இழுக்கிற விறைப்போடு ஈறு வரைக்கும் இழுத்திருக்கிறார், ஒரு நாள்கூட விடாமல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் ஃப்ளாஸ் என்று தனியாக விற்கிறதே, ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று கத்தினேன். முதலில் வந்தபோதே நான் அலமாரியிலிருந்து ஒரு ஃப்ளாஸ் டப்பாவை எடுத்துச் செய்து காட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கூட்டம் இருந்தது என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டேன்.

2. ரெண்டே நிமிஷம்

ஈறு ஆறியதும் ஸ்கேலிங்குக்கு வரச் சொன்னோம். பல்லில் படிந்த காரையை மெஷின் வைத்து எடுக்க வேண்டும். செய்யாவிட்டால் ஆடுகிற இரண்டும் நிற்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மல்லிகாவுக்குப் பல்லையும் விட மனசில்லை, மெஷினையும் பார்க்கப் பயம். சின்ன வயதில் பல் பிடுங்கியபோது இரண்டு பேர் கையை அமுக்கிப் பிடித்தார்களாம். அதை என்னிடம்தான் சொன்னார். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவோம் என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

பாதி வேலையில் கையைத் தூக்கினார். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். என் ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் சக்‌ஷன் குழாய். இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்துக் கீழே அமுக்கி, "ரெண்டே நிமிஷம், ஜல்தி முடிஞ்சிடும்" என்றேன். ஆறுதலாகப் பிடித்ததாகத்தான் எனக்கு நினைப்பு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆடுகிற பற்களை இன்னும் தொடக்கூட இல்லை.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை

டாக்டரிடம் சொல்லாமல் தேவிகாபுரம் பஸ் ஏறினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மல்லிகா தறியில் இருந்தார். அறுந்த இழை ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இழை அசையாமல் விரல் நுனியால் தொட்டு எடுத்தார். முடிக்கும்வரை நின்றேன்.

"நான் கையப் புடிச்சது தப்புங்க. நீங்க சொல்லியிருந்தும் நெனப்பில்லாம புடிச்சேன்."

"தெரிஞ்சே பண்ணீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

கொண்டுபோயிருந்த ஃப்ளாஸ் டப்பாவை எடுத்தேன். இப்போது இழையைத் தொட்ட அதே பக்குவம் ஈறுக்கும் வேண்டும், பல்லோடு ஒட்டி மேலும் கீழும் நகர்த்தினால் போதும் என்று என் வாயில் செய்து காட்டினேன். இரண்டாம் தடவையே என்னைவிட நன்றாகச் செய்தார். எப்போது செய்வீர்கள் என்று கேட்டதற்கு, சாயங்காலம் தறிக்குத் துணி போட்டு மூடுவதற்கு முன்னால் என்றார். டப்பாவைத் தறிக்காலிலேயே கட்டித் தொங்கவிட்டார். தறி இழையைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தை விட்டுக் கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

கிளம்பும்போது, "வந்தா நிறுத்துவீங்களா?" என்று கேட்டார். நிறுத்துவோம் என்றேன்.

வியாழக்கிழமை வந்தார். நடந்ததையெல்லாம் டாக்டரிடம் முன்னாலேயே ஒப்புக்கொண்டிருந்தேன். மல்லிகா பன்னிரண்டு தடவை கையைத் தூக்கினார், பன்னிரண்டு தடவையும் மெஷின் நின்றது. அரை மணி வேலை ஒன்றரை மணி ஆனது. பேஜார் புடிச்ச கிளினிக் என்று வெளியே ஒருவர் சலித்துக்கொண்டது எனக்கும் கேட்டது.

ஆறு மாசம் கழித்து செக்கப்பில் ஈறு இறுகியிருந்தது. அந்த இரண்டு பல்லையும் அசைத்துப் பார்த்த டாக்டர், எடுக்க வேண்டியதில்லை என்றார். அன்றும் சுத்தம் செய்யும்போது மல்லிகா ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினார். நிறுத்தினோம். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

"வலியில்ல சிஸ்டர். இன்னும் நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

பார்க்கட்டும். அதற்கும் நிறுத்துவதுதான் நம் வேலை.