நண்டுத் துரைக்குச் சாசி விழுந்த கதை

நண்டுத் துரைக்கு அவர் அம்மா வைத்த பெயர் வெஸ்ஸல் பிரான்ட்யெஸ். எங்கள் தீவில் அதைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. டச்சு அரசாங்கம் அவரை எங்கள் காய்ச்சலைப் பார்க்க அனுப்பியது. அவர் எங்கள் நண்டுகளைப் பார்த்தார். வைத்தியத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் தலைப்பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தபோது இரண்டு உயிரையும் மீட்டவர் அவர்தான். ஆனால், விரலை நண்டு கவ்வ அலறிக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பையன் எலிசாவை "அசையாதே" என்று நிறுத்திவைத்து, முதலில் அந்த நண்டைப் படம் வரைந்து முடித்தவரும் அவரேதான்.

என் வீட்டுக்காரர் டொமிங்குஸ் ஊரின் சாசிக் காவலர். மரத்திலோ கடற்கரையிலோ குருத்தோலை கட்டினால் சாசி. காய் முற்றும்வரை, சிப்பி பெருகும்வரை யாரும் உள்ளே போகவோ பறிக்கவோ கூடாது. தேவாலயத்தில் ஞாயிறு ஜெபம் சொல்லித்தான் அவிழ்க்க முடியும்.

ஒரு திங்கட்கிழமை விடிந்தபோது துரையின் வாசல் தூண்களில் குருத்தோலை தொங்கியது. ஏதோ வண்டு வந்து முட்டையிடுமா என்று பார்க்கத் துரையே கட்டியிருக்கிறார். நமக்கென்ன தெரியும்? ஊர் கூடிவிட்டது.

"துரைக்கா சாசி போட்டீரு?" என்றான் எலிசா.

"நான் போடலை. ஆனா கட்டினா கட்டினதுதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

"எது வரைக்கும்?"

"பழுக்கிற வரைக்கும்."

"வந்து பத்து வருஷமாச்சு, இன்னும் காயாவே இருக்காரே."

அதன்பின் ஒருவரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. இருமல்காரர்கள் தெருவில் நின்றே இருமிவிட்டுப் போனார்கள். சமையல்காரியும் வரவில்லை. நோயாளித் தொல்லை விட்டது என்று துரை நண்டுகளோடு நிம்மதியாக இருந்தார். அப்புறம் காய்ச்சல் அவரையே பிடித்தது.

வெள்ளிக்கிழமை மீன் கூடையோடு போனவள் முனகல் கேட்டு நின்றேன். தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டித்தான் அவர் கட்டில். ஆள் மஞ்சளாகி நடுங்கிக்கொண்டிருந்தார். கொடுப்பதற்குச் சாசியில் தடை இல்லை. இளநீரை ஜன்னல் வழியே நீட்டினேன். குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தார்.

"யாக்கோமினா, பக்கத்துல ஆள் வேணும்மா. தனியா கிடந்தா போயிருவேன்."

"சாசி இருக்கே துரை. நீங்கதானே கட்டினீங்க."

"அது வண்டுக்கும்மா."

"வண்டுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியலையே."

கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஞாயித்துக்கிழமை அவிழ்க்கிறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஞாயித்துக்கிழமை அவருக்குக் குழிதான் வெட்டுவே. நம்ம பிள்ளைய வெளிய எடுத்த கைய்யா அது."

அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்கு மட்டும் தெரியாதா? காவக்காரனே மிதிச்சா நாளைக்கு எவன் மதிப்பான்? கடல்ல ஒரு சிப்பி மிஞ்சாது."

வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். திடீரென்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும். துரையின் ஜன்னலுக்குக் கீழே, தெருவில் பாயை விரித்தார்.

"துரை, விழுங்க."

"என்னது?"

"நாங்க பறிக்கத்தான் கூடாது. தானா வெளிய விழுந்த காய்க்குச் சாசி இல்ல."

சாகக் கிடந்த மனுஷன் கண்ணைத் திறந்துவிட்டார். "அப்படியா? விழுந்தது யாருக்குச் சொந்தம்?"

"பொறுக்கினவனுக்கு."

"இது எல்லா மரத்துக்கும் பொதுவா, இல்ல..."

"அப்புறம் கேளுங்க துரை. இப்ப விழுங்க," என்று கத்தினேன்.

உருண்டு, தொப்பென்று விழுந்தார். போர்வைக்குள்ளிருந்து கூடவே ஒரு நண்டும் விழுந்தது. டொமிங்குஸ் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சவ்வரிசிக் கஞ்சியும் என் வசவுமாகக் கொடுத்துத் தேற்றினேன். தேறியபிறகும் அவர் கிளம்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வருஷக் கடைசியில், வேலைக்காலம் முடிந்ததென்று அவரைத் திருப்பி அழைத்துப்போக அரசாங்கக் கப்பல் வந்தது. பிறந்த ஊரில் அவருக்கு யாரும் கிடையாது. சவ ஊர்வலத்துக்குப் போகிறவர்போல் காலணி மாட்டிக்கொண்டு துறைக்கு நடந்தார். அங்கே என் வீட்டுக்காரர் ஏறுபலகையை மறித்து நின்றார்.

"இவரைத் தெருவுல பொறுக்கினவன் நான். ஊர்ச் சட்டப்படி இவரு எனக்குச் சொந்தம்."

கப்பல் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவனுக்கென்ன பைத்தியமா, டாக்டர்?"

துரை அதற்குள் தரையில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யறது கேப்டன், சட்டமாச்சே," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கல்லறை எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது.