கேம்பர் ஏற்றும் நாள்

மழை விட்டதும் ஹார்லன் க்விஸ்ட் காப்பிகூடக் குடிக்கமாட்டார். நேரே வாசலுக்குப் போவார். அங்கே உயர்த்தி இறக்கும் நான்கு ஜாக்கிக் கால்களில் நிற்கும் கேம்பருக்குள் ஏறி, மேல்படுக்கையில் குப்புறப்படுத்து, ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அப்புறம் அதே மூலையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். பலகை கெட்டியாக இருந்து, ஈர வாடையும் இல்லையென்றால், உள்ளே படுத்தபடியே குரல் கொடுப்பார்.

"ட்வைலா! காப்பி போடலாம்!"

மனைவி ட்வைலா அதற்குள் இரண்டாவது கோப்பையைக் குடித்துக்கொண்டிருப்பார்.

கேம்பர் என்பது பிக்கப் வண்டியின் முதுகில் ஏறி உட்காரும் ஒரு குட்டி வீடு. அடுப்பு, தொட்டி, மடக்கு மேசை, ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு படுக்கை, அவ்வளவுதான். ஹார்லனுடையதற்கு வயது இருபத்தாறு. நான்கு வருடம் முன்பு வாங்கினார். அதற்கு முன் பதினொன்றைப் பார்த்து வேண்டாமென்று சொல்லியிருக்கிறார். வெயில் நாளில் பார்க்கப் போகவேமாட்டார். மழை பெய்த மறுநாள்தான் போவார். "கூரை ஒழுகுதான்னு விக்கிறவன்கிட்ட ஏன் கேக்கணும்? மழைகிட்ட கேளு" என்பார். பன்னிரண்டாவது, லா கிராண்ட் ஊரில் ஒரு பாட்டு வாத்தியாருடையது. மோந்து பார்க்க மேல்படுக்கையில் ஏறியவர் அப்படியே தூங்கிப்போனார். முக்கால் மணி நேரம் கழித்து வாத்தியார் வந்து காலைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. "ஈர வாடை இருந்தா எனக்குத் தூக்கம் வராது. தூக்கம் வந்துச்சு. எடுத்துக்கறேன்" என்று எழுந்து உட்கார்ந்தார். வாங்கிய கதை இவ்வளவுதான்.

வளர்க்கும் கதை பெரிது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஏணி போட்டுக் கூரையில் ஏறி, காற்றுத்துளை ஓரங்களில் வெடித்த பழைய பசையை மரக்கத்தியால் சுரண்டிவிட்டுப் புதுப் பசை பூசுவார். அந்த இரண்டு நாளும் யாரும் அவரோடு பேசக்கூடாது. யாராவது சிலிக்கான் பசை பூசினால் என்ன என்று கேட்டுவிட்டால் மட்டும் அவரே பேசுவார். "சிலிக்கானா? அதைப் பூசினவனை நான் வீட்டுக்குள்ள விடமாட்டேன். உரிச்சும் எடுக்க முடியாது, அதுமேல வேற எதுவும் ஒட்டவும் ஒட்டாது." பக்கத்து வீட்டு பர்ல் ஒருமுறை தன் வீட்டுக் குளியலறையில் சிலிக்கான் பூசியதைக் கேள்விப்பட்டு, ஹார்லன் ஒரு வாரம் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

பேக்கர் சிட்டியில் முப்பத்துநான்கு குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் ஹார்லன். லைசென்ஸ் இருந்தும் பிக்கப்பின் ஸ்டீரிங்கை ட்வைலா தொட்டதே கிடையாது. "வண்டி என் கைக்குப் பழகிப்போச்சு, கை மாறினா கோவிச்சுக்கும்" என்பார். தபால் ஆபீசில் ஊரையே சமாளித்த ட்வைலா இதைக் கேட்டுக்கொண்டே கம்பளி பின்னுவார்.

கேம்பரை ஏற்றுவது லேசான வேலையில்லை. அது கால்களில் நிற்கும்போது, அதன் அடியில் வண்டியைப் பின்னால் விட வேண்டும். இருபுறமும் ஜாக்கிக் கால்; நடுவில் வண்டி நுழைந்தால் ஒரு பக்கத்துக்கு நாலு விரல் இடம் மிச்சம். ஒரு காலில் இடித்தால் வீடே சரியும். அந்த ஊரில் கணவன் ஓட்ட, மனைவி பின்னால் நின்று கை காட்டுவது வழக்கம்; விவாகரத்துகளில் பாதி அங்கேதான் முடிவாகிறது என்று பேசிக்கொள்வார்கள். ஹார்லன் வீட்டில் ஏற்றும் நாளென்றால் பர்ல் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்.

இந்த வருடம் வசந்தத்தில் ஹார்லனுக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. "ஆளைப் பார்த்தா தொப்பி தெரியுது, காது தெரியுது, மூஞ்சி இருக்கிற இடத்துல ஒண்ணுமில்ல" என்று டாக்டரிடம் சொன்னார். ஜூலையில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், மறுநாளே கேம்பரை விற்பதாக விளம்பரம் போட்டார். போய்ஸி நகரத்திலிருந்து ஒரு தம்பதி சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

மலையில் ஹக்கிள்பெர்ரி என்ற காட்டுப்பழம் பழுத்துவிட்டது. அவர்கள் இருவரும் வருடாவருடம் போய்ப் பறிக்கும் இடம் ஒன்று உண்டு. அது எங்கே என்று பெற்ற பெண்ணுக்குக்கூடச் சொன்னதில்லை. ஓட்டிக்கொண்டு போக ஆள் வைத்தால் இடம் தெரிந்துவிடும். ஆக அந்த வழியும் அடைப்பு.

"நான் ஓட்டுறேன்" என்றார் ட்வைலா, புதன்கிழமை சாப்பாட்டு மேசையில்.

"நீயா?"

"நாளைக்கு நானே கேம்பரை ஏத்துறேன். ஏறிட்டா அது நம்மளுது, போய்ஸிக்காரங்களுக்கு போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடு. ஏறலைன்னா சனிக்கிழமை அவங்க கொண்டுபோகட்டும். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

முடியாது என்ற நம்பிக்கையில் தலையாட்டினாரா, முடியட்டும் என்ற ஆசையில் ஆட்டினாரா, ஹார்லனுக்கே தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு பர்ல் நாற்காலியை விரித்தார். "சீக்கிரம் ஏத்துங்கப்பா, மதியச் சாப்பாட்டுக்குப் போகணும்."

முதல் தடவை வண்டி கோணலாக வந்தது. ஹார்லன் பின்னால் நின்று இரண்டு கையையும் வீசினார். "லெஃப்ட்! லெஃப்ட்! உன் லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்!"

"உன் லெஃப்ட் எனக்கு எதுக்கு? ஸ்டீரிங் என்கிட்டல்ல இருக்கு!"

பர்ல் சிரித்தார். இரண்டாவது தடவை அவர் சிரிக்கவில்லை. வண்டியின் மட்கார்டு ஒரு ஜாக்கிக் காலில் உரசியது, கேம்பர் ஆடியது, உள்ளே கோப்பைகள் கலகலத்தன. பர்ல் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ட்வைலா வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நிறுத்தி, என்ஜினை அணைத்தார்.

"எதைப் பார்த்து கத்துறே ஹார்லன்? உனக்கு அந்த இடம் தெரியுதா?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"தெரியல" என்றார். லைசென்ஸைக் கொடுத்த நாளில்கூட அந்த வார்த்தையை அவர் ட்வைலாவிடம் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும், சுமை இறங்கியவர்போல நடந்து, கேம்பரின் ஓட்டுநர் பக்கத்து முன் ஜாக்கிக் காலுக்கு வெளியே போய் நின்றார். இடது கையால் அந்த ஜாக்கிக் காலைப் பிடித்துக்கொண்டார். வலது கையை, நான்கு விரல்களையும் சேர்த்து, மட்கார்டு வந்து நுழையும் இடத்தில் அதன் உட்புறத்தோடு ஒட்டி வைத்தார்.

"இந்தப் பக்கம் நாலு விரல் இருந்தா அந்தப் பக்கமும் நாலு இருக்கும். வா."

"கையை எடு. நசுங்கிடும்."

"நசுங்காது."

"எப்படித் தெரியும்?"

"நீதானே ஓட்டுறே. வா."

ட்வைலா கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். வண்டி நத்தையாக நகர்ந்தது. இப்போது ஹார்லன் கத்தவில்லை. மட்கார்டு விரல்களில் உரசுவதை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நாலு... நாலு... மூணு. நில்லு. கொஞ்சம் முன்னால போய் வா. ம்... நாலு. அப்படியே வா. நாலு... நாலு..."

எங்கோ உள்ளே வண்டியின் ரப்பர் தடுப்பில் கேம்பரின் மரம் முட்டும் சத்தம் மெத்தென்று கேட்டது. கேம்பர் அசையவில்லை; இனி ஜாக்கியை இறக்கினால் ஏறிவிடும். என்ஜின் நின்றது. பர்ல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஹார்லன் கையை உருவிக்கொண்டார். கண்ணாடியில் இருந்த ட்வைலாவின் முகம் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி இருக்கும் இடம் தெரிந்தது. அதற்கு நேராக நான்கு விரல்களையும் விரித்து, அசைக்காமல், ட்வைலா இறங்கி வரும்வரை காட்டிக்கொண்டு நின்றார்.