பூநாரையின் இறக்கைச் சிவப்பு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஏரியில் மேயும் பூநாரைக் கூட்டத்தை யாரும் எழுப்பக் கூடாது. பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. அவை காலால் சேற்றைக் கிளறினால் இறால் கலைந்து ஓரத்துக்கு வரும். அந்த ஓரத்தில் எங்கள் ஆட்கள் வலை கட்டுவார்கள். கூட்டம் எழும்பிவிட்டால் வடக்கே சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் போய் இறங்கிவிடும். அன்றைக்கு எங்கள் வீடுகளில் குழம்பு கிடையாது.

எனக்கு அந்தக் கட்டுப்பாடு பிடிக்காது. நிற்கிற பூநாரையில் பார்க்க என்ன இருக்கிறது? சாயம் போன புடவை மாதிரி வெளுத்துக் கிடக்கும். இறக்கையை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பு தெரியும். அவ்வளவு அழகையும் மடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சேற்றில் தலைகீழாக மேய்கிற பறவையை என்னவென்று சொல்வது! நானாக இருந்தால் விரித்த இறக்கையை மடக்கவே மாட்டேன்.

பங்குனி பிறந்து ஏரி வற்றத் தொடங்கினால் எனக்கு வீட்டு வேலை ஓடாது. ஆலாப் பறவைகள் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, வாயில் மீனோடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டே சோற்றைக் குழைய விடுவேன். கூழைக்கடாக்கள் காலையில் உள்நாட்டிலிருந்து வரும். குடியானவர்களின் பாசன ஏரியில், தண்ணீரில் நிற்கும் மரங்களில்தான் அவற்றின் கூடுகள். எங்கள் மீனைத் தின்றுவிட்டு எச்சத்தை அங்கே போய்ப் போட்டு அவர்கள் நெல்லை வளர்க்கும். மாமியார் வீட்டில் தின்றுவிட்டு அம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மருமகள் என்று அவற்றைத் திட்டுவேன். ஆனால் அந்தப் பெரிய உடம்பு காற்றில் அலுங்காமல் மிதந்து வருவதைப் பார்த்தால் திட்டு பாதியில் நின்றுவிடும்.

"இன்னாமே, வானத்துல இன்னா கீது?" என்பார் வீட்டுக்காரர்.

"உனுக்கு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? நீ வலையப் பாரு" என்பேன்.

இந்தப் பைத்தியம் என்னைத் தவிர இன்னொருத்திக்கும் இருந்தது. அவள் என் நாத்தனார். ஒரு வருஷம் சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளி ஒரு குப்பம். அங்கே கடல் மட்டும்தான், ஏரி இல்லை; அதனால் பூநாரையும் இல்லை. கப்பல் வந்து கோட்டையில் மரியாதைக்குப் பீரங்கி போடும்போது கூட்டம் எழும்புவதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள். அவ்வளவு தூரத்தில் அது வெறும் செம்புழுதிதான்.

"அண்ணீ, அந்தச் செவப்ப ஒரே ஒரு வாட்டி கிட்டத்துல பாத்துட்டுப் போயிடணும். அங்க போயி இன்னாத்தப் பாக்கறது?" என்று தினமும் ஒரு தடவை அழுவாள்.

ஒருநாள் காலையில் வெளிக் கடலில் பாய்கள் தெரிந்தன. கப்பல் நங்கூரம் போட்டதும் பீரங்கி வெடிக்கும். அதற்குள் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். "நாம எங்க எழுப்பறோம்? ஒல்லாந்தன் எழுப்பப் போறான். நாம சும்மா நிக்கறோம்" என்றேன். மட்டி பொறுக்கப் போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு இருவரும் ஏரிக்குள் இறங்கினோம்.

ஏரியில் நடக்க எங்களுக்குப் பறவைதான் அளவு. அது நிற்கிற இடத்தில் தரை உண்டு. அதன் காலில் எதுவரை தண்ணீரோ, அதைப் பார்த்து நமக்கு எதுவரை என்று கணக்குப் போடுவோம். கூட்டத்தில் பாதிக்குக் கால்களே தெரியவில்லை. வயிறுவரை தண்ணீர் என்றால் நமக்குத் தொடைவரை இருக்கும் என்று பேசிக்கொண்டே நடந்தோம். ஆனால் அவை நிற்கவில்லை, வாத்து மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. பூநாரை நீந்தும் என்பதே எங்களுக்குத் தெரியாது. கலைக்கக் கூடாது, கலைக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒருவரும் அவ்வளவு பக்கத்தில் போனதே இல்லை.

முன்னால் போன நாத்தனார் சட்டென்று காணாமல் போனாள். கடல் தண்ணீர் வந்து போகும் பள்ளம் அது. நீந்தத் தெரிந்தவள்தான், ஆனால் புடவை காலைச் சுற்றிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் கூட்டம் மொத்தமும் எழும்பியது. கழுத்தை முன்னால் நீட்டி, தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி, என் தலைக்குமேல் வானத்தை மூடிக்கொண்டு, சிவப்பு, ஓரத்தில் கறுப்பு, மறுபடி சிவப்பு. பயத்தில் எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் கண் மேலே போனது. கை மட்டும் தண்ணீருக்குள் துழாவி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது.

இருமி, கக்கி, முகத்தில் ஒட்டிய முடியை விலக்கி அவள் கண் திறந்தபோது வடக்கே ஒரு கோடுதான் மிச்சம். அப்புறம்தான் பீரங்கி வெடித்தது. எழுப்ப அங்கே ஒரு பறவையும் இல்லை. பிழைத்தோமே என்றுகூட இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவள் அழுத அழுகையை என்னால் பொறுக்க முடியவில்லை.

"எப்டி இருந்திச்சி அண்ணீ?" என்றாள் கடைசியில்.

கரைவரை சொல்லிக்கொண்டே வந்தேன். மறுபடி சொல்லச் சொன்னாள். தாலி ஏறுவதற்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பல வருஷம் கழித்து அவள் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வலை உலர்த்தும் மணலில் உட்கார்ந்து தன் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்குள்ள இருந்து தலயத் தூக்கறேன், வானமே இல்ல. அல்லாம் செவப்பு. ஒரு பறவயோட காலு என் நெத்தில பட்டுக்கினு போச்சி."

நெற்றியில் கால் பட்டதாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு அதில் அப்படியே இருந்தது.

மகள் என் பக்கம் திரும்பினாள். "மெய்யாலுமா அத்தே?"

"மெய்தான்" என்றேன். "நெத்தில சேறு ஒட்டிக்கினு இருந்திச்சி. நான்தான் தொடச்சி வுட்டேன்."