ஓரகத்தி போட்ட வழக்கும் நான் சேர்த்த ஒரு வரியும்

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஊட்டி காந்தலில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் தொடங்கிய விஷயம் இது. ஒரே காம்பவுண்டில் எங்களுக்கு இரண்டு வீடு. முன்வீட்டில் நான், என் கணவர், மகள். பின்வீட்டில் கொழுந்தனாரும் அவர் மனைவியும். மாமியார் காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று இருப்பார்.

என் ஓரகத்தியைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பத்தாவது வரை படித்தவள். தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தாள். நான் பட்டப்படிப்பு முடித்து வெலிங்டனில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். கோபிப் பக்கத்திலிருந்து இந்தக் குளிருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, ஒரு மனு எழுத வேண்டும், ஓர் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றால் இந்தக் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேனே தவிர, அதில் எனக்குப் பெருமை உண்டு.

கொழுந்தனார் பிக்கப் வேன் ஓட்டினார். கேத்தியில் கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவார். வேன் சின்னவள் பெயரில் வாங்கியது. அந்த மழையில் ஒரு வளைவில் சுற்றுலா வந்த கார் ஒன்று வேனில் இடித்துவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் கேஸ் ஆகி, வேனை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். வண்டியைச் சோதித்து முடித்த பிறகும் அதை விடுவிக்கும் பேப்பர் கைக்கு வரவில்லை. சின்னவள் தினமும் நடந்தாள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, அவரை ரைட்டர் என்பார்கள், "நாளைக்கு வாம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் ஒரு தொகையைச் சொன்னார்.

அந்த ரைட்டரை எனக்கும் தெரியும். அதற்குச் சில மாதங்கள் முன்பு என் மகளின் பாஸ்போர்ட்டுக்காக போலீஸ் விசாரணை வந்தது. பேப்பர் அவர் மேஜையில் நகராமல் கிடந்தது. என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கேட்டார், ஒரு கவரில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. காரியம் சீக்கிரம் முடிந்ததில் எனக்கு என் சாமர்த்தியத்தின் மீது ஒரு திருப்திகூட இருந்தது.

சின்னவள் என்னிடம் கேட்டிருந்தால் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. நேராக லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நான் வேலை முடிந்து பஸ் இறங்கி வந்தபோது பின்வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே அக்கம்பக்கத்தார் எல்லாம் உட்கார்ந்திருக்க, நடுவில் சின்னவள் சொல்லிக்கொண்டிருந்தாள். லஞ்ச ஒழிப்புக்காரர்கள் நோட்டில் ஏதோ பவுடர் தடவிக் கொடுத்தார்களாம். சாட்சிக்கு வேறு டிபார்ட்மென்டிலிருந்து இரண்டு பேர். அதில் ஒரு அம்மா இவளுக்கு அத்தை மாதிரி கூடவே உள்ளே போனாராம். ரைட்டர் தானாகக் கேட்டால் மட்டும்தான் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு வெளியே வந்து தலையில் போட்ட ஸ்கார்பை அவிழ்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஸ்கார்பை அவுக்கறதுக்குள்ள கை நடுங்கிடுச்சுங்க. முடிச்சு இறுகிப் போச்சு. அவிழவே மாட்டேங்குது! கடைசியில தலையோட சேர்த்து உருவிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிகள் உள்ளே புகுந்து ரைட்டரின் விரல்களை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கச் சொன்னதும், அந்தத் தண்ணீர் ரோஸ் நிறமானதும் அவள் சொல்லச் சொல்ல, என் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்துபோய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். வந்த அத்தனை பேருக்கும் டீ கொடுத்தேன். அதுவரை அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருக்க, எனக்குத்தான் டீ வரும்.

அன்றிரவு சாப்பிடும்போது என் கணவர், "சின்னவளுக்கு என்ன தைரியம் பாத்தியா அம்மிணி! நம்மளால முடிஞ்சுதா?" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதன் பிறகு எங்கே போனாலும் அவள் பேச்சு. வேன் திரும்பி வந்தது. தையல் கடைக்கு ஆள் வரத்து கூடியது. மனு எழுத எப்போதும் என்னைத் தேடி வரும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் என்னைத் தாண்டி அவளைப் பார்க்கப் போனார். என் ஆபீசிலும், "அந்தப் பொண்ணு உங்க ஊடுங்களாமா?" என்று கேட்டார்கள். ஆமாம், ஆமாம் என்று சிரித்துச் சிரித்து என் முகம் வலித்தது.

ஒருநாள் ஆபீஸ் கேன்டீனில் நாலைந்து பேர் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "வெளியே தெரிஞ்சது அவ்வளவுதாங்க. உள்ளே வேற கதை இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

கதையில் பாதி உண்மை. ரைட்டரின் மனைவி சின்னவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்து, அளவு தப்பிப்போய், ரைட்டர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். அது நடந்தது. நானே பார்த்தேன். நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. "‘உன் யூனிபார்மைக் கழட்டாம விடமாட்டேன்’னு அன்னிக்கே சொன்னாளுங்க" என்றேன்.

கேட்டவர்கள் "அப்படியா!" என்றபோது எனக்குக் கிடைத்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வெந்த புண்ணில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஊட்டி கோர்ட்டில் விசாரணை வந்தது. முதல் நாள் சாட்சி சொல்லிவிட்டு வந்த சின்னவள், நேராக என் சமையலறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, அவங்க வக்கீல் ஒண்ணு கேக்கறாருங்க. ரவிக்கைச் சண்டையில நான் அந்தாளு யூனிபார்மைக் கழட்டாம விடமாட்டேன்னு சொன்னேனாம். பழிவாங்கத்தான் புகார் குடுத்தேனாம். நான் எப்பங்கக்கா அப்படிச் சொன்னேன்? யாருங்க இப்படிச் சொல்லியிருப்பாங்க?"

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "தெரியலியே கண்ணு" என்றேன்.

என் ஆபீசில் அன்று கேட்டவர்களில் ஒருவர் ரைட்டருக்கு உறவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாய்தாவிலும் அதே வரியை வைத்து அவளைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்களாம். அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, காம்பவுண்டுக் குழாயில் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கோர்ட்டிலிருந்து ஆள் வந்து என் பெயரைக் கேட்டார். சம்மன். எதிரித் தரப்புக்கு, அதாவது ரைட்டர் பக்கத்துக்கு, சாட்சியாக நான் வர வேண்டுமாம். சின்னவள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். குடம் நிறைந்து வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அவள் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாளில் வெலிங்டன் பஸ் ஸ்டாப்பில் ரைட்டரின் அந்த உறவுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பொய் எதுவும் சொல்ல வேண்டாங்க மேடம். கேன்டீன்ல சொன்னதை அப்படியே சொன்னாப் போதும்" என்றார். பஸ் வந்து நான் ஏறும்போது, "பாப்பா பாஸ்போர்ட்டெல்லாம் வந்துடுச்சுங்களா?" என்று சிரித்தார்.

அந்த வரியைச் சொன்னால் சின்னவளின் வழக்கு போய்விடும். சொல்லாவிட்டால் நான் கவர் கொடுத்தது வெளியே வரும், வேலைக்கே ஆபத்து. என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நீ என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவ நம்ம ஊட்டுப் பொண்ணு" என்றார்.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சின்னவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ரைட்டரின் வக்கீல் ரவிக்கைச் சண்டையைப் பற்றிக் கேட்டார். உண்மை என்றேன். அன்று அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"‘துணியைக் குடுத்துட்டுப் போங்க சார், பிரிச்சுத் தச்சுத் தர்றேன்’னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலைங்க."

வக்கீல் குரல் உயர்ந்தது. "உங்க ஆபீசுல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"சொன்னேனுங்க. அது நானா சேர்த்துச் சொன்னது."

நீதிபதி ஒரு பெண். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா அப்படிச் சேர்த்துச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"பொறாமைங்கம்மா."

டைப் செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அரசு வக்கீல் எழுந்து, "பொறாமைப்படற அளவுக்கு அதுல என்னம்மா இருக்கு?" என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் இத்தனை நாள் தொண்டையில் நின்றது தானாக வந்துவிட்டது.

"அதே மேஜைக்கு நானும் போயிருக்கேனுங்க, பொண்ணு பாஸ்போர்ட்டுக்கு. நான் படிச்சவ, கவர்மென்ட் வேலையில இருக்கேன். அவர் கேட்டதைக் குடுத்துட்டு வந்துட்டேன். இவ குடுக்கலைங்க."

கூண்டிலிருந்து இறங்கும்போது படி தெரியவில்லை. ஒரு பெண் போலீஸ்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வெளியே வராந்தாவில் சின்னவள் நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று என் மனதில் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒரே ஒரு வரிங்கக்கா. அதை வெச்சு ரெண்டு வாய்தா என்னைக் கிழிச்சுப் போட்டாங்க. கேட்டுக் கேட்டு, நான் அப்படிச் சொல்லித்தான் இருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. உங்ககிட்டத்தானே வந்து கேட்டேன்?"

அவள் கொழுந்தனாரோடு வேனில் ஏறிப் போனாள். மூன்று பேர் உட்காரும் சீட்தான் அது. நான் மழையில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

ரைட்டருக்குத் தண்டனை கிடைத்தது. அப்பீல் செய்திருக்கிறார், இன்னும் முடியவில்லை. நான் கோர்ட்டில் சொன்னது ஆபீசுக்குத் தெரிந்து விளக்கம் கேட்டார்கள். மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கண்டனம் ஏறியது. பதவி உயர்வு தள்ளிப் போனது. கேன்டீனில் கொஞ்ச நாள் தனியாகச் சாப்பிட்டேன்.

சின்னவள் இன்றும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். பண்டிகைக்குப் பலகாரம் வரும். ஆனால் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று எதையும் சொல்வதில்லை. நான் சாட்சி சொல்லி எட்டு மாதம் கழித்து ஒருநாள், கண்ணெல்லாம் சிவந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். "இவங்களுக்கு ஒரு புகார் எழுதணுமாமுங்க. எனக்கு எழுத்து அவ்வளவு சரியா வராது. எழுதிக் குடுக்கறீங்களா?" என்றாள். நான் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கினாள்.

அவள் கடையைத் தாண்டும்போது இப்போதும் எனக்குள் சுருக்கென்று ஒன்று தைக்கத்தான் செய்கிறது. அந்த மேஜை முன்னால் நின்றபோது எனக்கு வராமல் போன துணிச்சலை நினைத்து வரும் வலி அது என்று தெரிந்துகொண்ட பிறகு, அதை யார் மேலும் இறக்கி வைக்காமல் நானே சுமந்துகொண்டு நடக்கப் பழகியிருக்கிறேன்.